யாருமில்லாத தீவுக்கு ஒரு மஞ்சள் கயிறு

ஆள் அரவமே இல்லாத இடம் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு அப்படி ஓர் இடத்தைத் தேடிக் கொடுப்பது என் வேலை. ஸ்ரீரங்கத்தில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து, காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, உலகத்தின் மறுபக்கத்தில் இருக்கிறவர்களுக்குப் பயணம் போட்டுக் கொடுக்கிறேன். அவர்களுக்கு விடியும்போது எனக்குச் சாயங்காலம். பக்கத்து வீடு கண்ணில் படக் கூடாது என்பார் ஒருவர். தோட்டக்காரர்கூட வணக்கம் சொல்ல வேண்டாம் என்பார் இன்னொருவர். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, கரீபியன் கடலில் யாரும் அதிகம் போகாத சின்னத் தீவுகளாகப் பார்த்துப் பார்த்து எடுத்துக் கொடுப்பேன்.

இந்த வேலையை நான் நன்றாகச் செய்கிறேன். என் திட்டத்தில் இதுவரை யாரும் படகைத் தவறவிட்டதில்லை. இதில் எனக்கு அடக்கம் எதுவும் கிடையாது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலைத் தாண்டி உள்ளே போன முதல் ஆள் நான். அப்பா பஸ்ஸின் நிறத்தையும் நம்பரையும் வைத்து ஏறுவார். அம்மா அதுவும் பார்க்க மாட்டாள், கண்டக்டரைக் கேட்டுக்கொள்வாள். அவர்கள் பெற்ற பெண், எந்தத் தீவுக்கு எந்தக் கிழமை படகு போகும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள்.

அப்படிப்பட்ட நான் எனக்கென்று ஒரு பயணம் போட்டேன். அதற்குக் காரணம் ஓர் ஆடிப் பெருக்கு.

அப்பா திருச்சி அரியமங்கலத்தில் ஒரு பட்டறையில் வெல்டர். எங்கள் வீடும் அங்கேதான். ஆடி பதினெட்டு அன்று எங்கள் தெருவிலிருந்து ஒரு கூட்டமே கிளம்பி ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் படித்துறைக்கு வரும். தூக்குவாளிகளில் புளிசாதம், எலுமிச்சை சாதம், ஒரு துணிப்பையில் மாற்றுப் புடவைகள். காவிரியில் முழுகி எழுந்ததும் மஞ்சள் கயிறு கட்டிக்கொள்வார்கள். எங்கள் வீட்டில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. கயிற்றை யாரும் தனக்குத் தானே கட்டிக்கொள்ளக் கூடாது. மூத்தவள் ஒருத்தி இளையவளுக்குக் கட்டிவிட வேண்டும். சித்திக்கு அம்மா கட்டுவாள், எனக்கும் அம்மாதான். நினைவு தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான்.

நான் ஸ்ரீரங்கத்துக்குக் குடிவந்த முதல் வருடம், பெருக்கன்று காலையிலேயே தயாராகிவிட்டேன். படித்துறையிலிருந்து என் அறைக்கு நடந்தே வந்துவிடலாம். எப்படியும் போன் வரும், இறங்கிப் போகலாம், முழுகிவிட்டு எல்லோரையும் மேலே அழைத்துவந்து காபி கொடுக்கலாம் என்று இருந்தேன். என்னிடம் இருந்தது ஒரே டம்ளர். முதல் நாள்தான் கடைவீதிக்குப் போய்ப் புதிதாக எவர்சில்வர் டம்ளர்கள் வாங்கி வைத்திருந்தேன். டிகாக்‌ஷன் இறக்கி வைத்தேன். சாயங்காலம் வேலைக்கு உட்காரும்வரை போன் வரவில்லை.

இரவு சாப்பிடும்போது சித்தியின் ஸ்டேட்டஸைப் பார்த்தேன். படித்துறை, ஈரத் தலைகள், வாழையிலையில் எலுமிச்சை சாதம். நடுவில் கழுத்தில் புதுக் கயிற்றுடன் அம்மா கண்ணைச் சுருக்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள். வந்திருக்கிறார்கள். நான் கூப்பிட்டால் காதில் விழுகிற தூரத்துக்கு வந்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறார்கள்.

ஏன் கூப்பிடவில்லை என்று நான் கேட்கவில்லை. கேட்டு வாங்கிக்கொள்ளும் பழக்கம் எனக்கு இல்லை.

அடுத்த ஆடிப் பெருக்கன்று நான் அந்தப் பக்கமே இருக்கக் கூடாது என்று முடிவு செய்தேன். சித்திரையில் வேலையை ஆரம்பித்தேன். நிறைய தீவுகளைத் தெரிந்தவள் என்பதால் தேடுவது கஷ்டமாக இல்லை. ஒரு சின்னத் தீவின் வடக்குக் கரையில் ஒரு மரவீடு. கூரையில் விழும் மழைத் தண்ணீரைத் தொட்டியில் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். கடை கிடையாது, சாப்பாட்டுச் சாமான் கையோடு கொண்டுபோக வேண்டும். திருச்சியிலிருந்து நாலு விமானம் மாறி, கடைசியில் ஒரு படகு. ஆடி, ஆவணி அங்கே புயல் காலம் என்பதால் யாரும் வர மாட்டார்கள், வாடகையும் குறைவு.

வீட்டுக்குச் சொந்தக்கார அம்மாள் வேறொரு தீவில் இருந்தார். அவரிடமிருந்து மெயில் வந்தது. "இந்த மாதங்களில் சுற்றியுள்ள வீடுகள் எல்லாம் பூட்டியிருக்கும். படகுக்காரர் உங்களை இறக்கிவிட்டுப் போனால் அடுத்த வாரம்தான் வருவார். அதுவரை தனியாக இருக்க உங்களுக்குச் சம்மதமா? ஒரு வரி எழுதுங்கள், வீட்டை உங்களுக்கு வைக்கிறேன்."

மற்றவர்களுக்காக வரும் மெயிலுக்கு உடனே பதில் போடுகிறவள் நான். இதற்குப் போடவில்லை. முதலில் வீட்டில் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். சொன்னால் யாராவது வேண்டாம் என்பார்கள். பதினெட்டும் அதுவுமாக எங்கே போகிறாய் என்று ஒருவராவது கேட்பார்கள். அந்த ஒரு கேள்விக்காகத்தான் அத்தனை பெரிய பயணத்தையும் போட்டேன் என்று இப்போது தோன்றுகிறது.

ஆனி கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அரியமங்கலம் போனேன். எங்கள் வீட்டில் இருப்பது ஒரே பிளாஸ்டிக் நாற்காலி. முன்பெல்லாம் அது அப்பாவுடையது. இப்போது நான் உள்ளே நுழைந்ததும் துண்டால் துடைத்து எனக்குப் போடுகிறார்கள். டி.வி. சத்தத்தைக் குறைத்து, ஃபேனை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு எல்லோரும் தரையில் உட்காருவார்கள். வேலை கிடைத்த புதிதில் அப்பா, "வாங்க மேடம், வாங்க" என்று கேலி செய்தார். நாளடைவில் கேலி போய்விட்டது, 'வாங்க' மட்டும் தங்கிவிட்டது.

"அப்பா, நான் ஒரு ஊருக்குப் போகலாம்னு இருக்கேன்."

"போயிட்டு வாங்க."

"ரொம்ப தூரம்ப்பா. கடல் நடுவுல ஒரு தீவு."

"கூட யாரு வராங்க?"

"யாரும் இல்ல. தனியாத்தான்."

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "அங்க யாரு இருப்பாங்க?" என்றாள்.

"அங்கயும் யாரும் இல்லம்மா. அதுக்குத்தான் போறேன்."

"ஆபீஸ் விஷயமா இருக்கும்" என்றார் அப்பா.

"ஆபீஸ் இல்லப்பா. சும்மா. சும்மா இருக்கறதுக்கு."

பக்கத்து வீட்டிலிருந்து வந்து உட்கார்ந்திருந்த சித்திக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "சும்மா இருக்கறதுக்கு ஏரோப்ளேன்ல போவணுமா? எங்க வீட்டுக்காரரு இங்க ரேஷன் கடை வாசல்லயே இருக்காரே, காசே இல்லாம!"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. இதோ ஆரம்பித்துவிட்டது, இனி ஆளாளுக்கு ஏதாவது சொல்வார்கள் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். அப்பா சித்தியை ஒரு பார்வை பார்த்தார். "உனக்கு என்ன தெரியும்? படிச்சவங்க ஆயிரம் யோசிச்சுத்தான் செய்வாங்க. வாய வச்சுக்கிட்டு சும்மா இரு." சித்தி வாயை மூடிக்கொண்டாள்.

"ஆடியிலப்பா. பாதி ஆடிக்கு மேல" என்றேன், அம்மாவைப் பார்த்துக்கொண்டே. அம்மா கீரையில் பழுத்த இலையைக் கிள்ளி எறிந்தாள். "அங்க கடை கிடையாது, அப்ப புயலும் வரும்" என்றும் சொல்லிப் பார்த்தேன்.

"நீங்க பாத்துக்குவீங்க" என்றார் அப்பா.

இது எனக்குப் புதிதில்லை. எனக்குப் பத்து வயது இருக்கும்போது அப்பாவுக்குக் கையில் தீக்காயம் பட்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். எந்த மருந்தை எப்போது சாப்பிடுவது என்று சீட்டைப் படித்துச் சொன்னது நான்தான். அன்றிலிருந்து வீட்டில் எந்தப் பேச்சும் என்னிடம் வந்துதான் முடியும். எந்தக் கடையில் பீரோ வாங்குவது, எந்த டாக்டரிடம் போவது, எல்லாம். என்னோடு படித்த பெண்கள் வீட்டில் சண்டை போட்டுச் சுற்றுலாவுக்கு வந்தார்கள். நான் மட்டும் சண்டை போடாமல் வந்தேன். பஸ்ஸில் அவர்கள் தங்கள் அம்மாவைத் திட்டிக்கொண்டே வரும்போது எனக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

ஸ்ரீரங்கத்தில் கீழே குடியிருக்கும் வீட்டுக்கார மாமி மட்டும் ஒரு கேள்வி கேட்டார். நான் ஊரில் இல்லாத நாட்களுக்குப் பால் வேண்டாம் என்று சொல்லப் போயிருந்தேன். விஷயத்தைக் கேட்டதும் பூத்தொடுத்துக்கொண்டிருந்த கை நின்றது.

"தனியா இருக்கறதுக்கா அவ்வளவு தூரம் போறாய்?"

"ஆமா மாமி."

"இங்க மட்டும் யாரோட இருக்காய்? இதுவும் தீவுதானேடி கொழந்தை. ரெண்டு பக்கமும் ஜலம். பெருமாளும் இங்க தனியாத்தான் சயனிச்சுண்டிருக்கார்." அப்புறம் அவரே, "அவருக்காவது ஆறு காலமும் ஆள் வந்துண்டிருக்கு" என்று சொல்லிவிட்டுப் பூவைத் தொடுக்க ஆரம்பித்தார்.

மாமி சொன்னதில் தப்பில்லை. ஆனால் அவர் கேட்டு எனக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை.

டிக்கெட்டை வெள்ளிக்கிழமைவரை பிடித்து வைக்கலாம் என்றார்கள் விமானக் கம்பெனியில். அந்த வாரத்தின் நடுவில் அப்பா போன் செய்தார். "வேனுக்குச் சொல்லியாச்சு" என்றார். குரலில் அத்தனை சந்தோஷம்.

"எதுக்குப்பா வேன்?"

"ஏர்போர்ட்டுக்குத்தான். தெருவே வரேங்குது. நம்ம தெருவுல எத்தனை பேர சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் ஏத்திவிட்டிருக்கோம். எல்லாம் அடுத்த வீட்டு ஆளுங்க. இப்பத்தான் நம்ம வீட்டு ஆளு."

திருச்சி விமான நிலையத்தின் வாசலைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். ஒருவர் உள்ளே போவதற்கு ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்து கண்ணாடிக்கு வெளியே நிற்பார்கள். யாருமே இல்லாத இடத்துக்குப் போக என்னை ஒரு தெருவே வழியனுப்பப் போகிறது. சிரிப்பதா என்ன செய்வதா என்று தெரியவில்லை. சரிப்பா என்று சொல்லி வைத்துவிட்டேன்.

வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டு அரியமங்கலம் போனேன். தெருமுனையிலேயே மிளகாய் நெடி வந்துவிட்டது. அம்மா பருப்புப் பொடியும் எள்ளுப் பொடியும் இடித்து, ஆற வைத்து, பாட்டில்களில் அடைத்திருந்தாள். தட்டை சுட்டு டின்னில் போட்டிருந்தாள். கடை கிடையாது என்று நான் சொன்னது ஒன்றை மட்டும் நன்றாகப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். எல்லாவற்றையும் ஒரு பையில் அடுக்கி என் முன்னால் வைத்தாள். பையின் ஓரத்தில் பேப்பரில் சுற்றிய ஒரு சின்னப் பொட்டலம். மசாலாவோ என்று பிரித்தேன். ஒரு மஞ்சள் கிழங்கும் மஞ்சள் கயிறும் இருந்தன.

"இது எதுக்கும்மா?"

"பதினெட்டுக்கு. அங்க ஆறு இருக்குமா?"

"கடல்தான் இருக்கும்."

"தண்ணிதானே. காலையில முழுகிட்டுக் கட்டிக்க." பிறகு அவளே யோசித்தாள். உண்மையிலேயே விடை தெரியாத கேள்வியாக என்னைக் கேட்டாள். "ஆமா, யாருமே இல்லாத ஊர்ல கயித்த யாரு கட்டிவிடுவா? பெரியவங்க ஒருத்தராச்சும் இருக்கணுமே. படகுக்காரரு வீட்ல பொம்பளைங்க இருப்பாங்களா?"

நான் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"அன்னிக்குப் பதினெட்டுன்னு உனக்குத் தெரியுமாம்மா?"

"எனக்குத் தெரியாதா பின்ன? நீ ஆடின்னு சொன்ன அன்னிக்கே விரல விட்டுப் பாத்துட்டேன்."

"அப்ப ஏன் போவாதன்னு சொல்லல?"

அம்மா பாட்டில் மூடியை இறுக்கினாள். ஏற்கெனவே இறுகித்தான் இருந்தது. "உனக்குத் தெரியாமயா இருக்கும்? காரணம் இருக்கும்னு இருந்துட்டேன்."

கேட்கக் கூடாது என்று ஒரு வருடமாக வைத்திருந்ததை அப்போது கேட்டுவிட்டேன். "போன வருஷம் ஏன் என்னைக் கூப்பிடல? அம்மா மண்டபத்துக்கு வந்தீங்கல்ல?"

அம்மா வாசலைப் பார்த்தாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்த அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு அங்கேயே நின்றுகொண்டிருந்தார். அவர்தான் பேசினார்.

"வந்தோம். உங்க தெருவுக்கே வந்தோம்."

"எப்ப?"

"குளிச்சு சாப்ட்டு எல்லாம் முடிச்சு. சாயங்காலம். ஈரத்துணியும் வாளியுமா அத்தனை பேரு. முனையில நின்னு அண்ணாந்து பாத்தோம். ஜன்னல்ல நீங்க தெரிஞ்சீங்க. காதுல அத மாட்டிக்கிட்டு, இங்கிலீஷ்ல, சிரிச்சுச் சிரிச்சுப் பேசிட்டிருந்தீங்க. உங்கம்மா கையக்கூடத் தூக்கிட்டா, கூப்பிடறதுக்கு. நான்தான் வேணாம்னேன். எவ்ளோ பெரிய ஆளோ என்னமோ அந்தப் பக்கம். நம்மளப் பாத்துட்டு நீங்க பாதியில எந்திரிச்சு வந்தா நல்லாவா இருக்கும்?" காலால் செருப்பைச் சுவரோரம் தள்ளினார். "அப்படியே கொஞ்ச நேரம் பாத்துட்டு வந்துட்டோம்."

அந்தச் சாயங்காலம் யாரிடம் பேசினேன் என்று எனக்கு ஞாபகம் இருந்தது. தேனிலவுக்கு ஆளில்லாத தீவு கேட்ட ஒரு தம்பதி. அவர்கள் சொன்ன ஏதோ ஒன்றுக்குச் சிரிப்பது என் வேலை, சிரித்தேன். டிகாக்‌ஷன் அடுப்பு மேடையில் ஆறிப்போய் இருந்தது.

"அங்க யாரும் பெரிய ஆளு இல்லப்பா" என்றேன்.

டிக்கெட்டை விட்டுவிட்டேன். அப்பாவிடம் சொன்னபோது அவர் முகம் வாடியதைப் பார்த்தேன். பட்டறையில் எல்லோரிடமும் சொல்லியிருந்தார். "வேனுக்குச் சொல்லியாச்சே" என்றார்.

"வேன் வரட்டும்ப்பா. ஏர்போர்ட்டுக்குப் பதிலா பதினெட்டு அன்னிக்கு அம்மா மண்டபத்துக்கு விடச் சொல்லுங்க. முழுகிட்டு எல்லாரும் என் ரூமுக்கு வரணும்."

"ரூமுக்கா? அந்த வீட்டம்மா..."

"வாடகை நான் கொடுக்கறேன்ப்பா."

தீவு வீட்டின் சொந்தக்கார அம்மாளுக்கு ஒரு வரி எழுதினேன், இப்போது வரவில்லை என்று. "வீடு எங்கும் போகாது" என்று பதில் எழுதியிருந்தார்.

பெருக்கன்று காவிரி கரையைத் தொட்டு ஓடியது. ஆடிக் காற்று பெண்களின் ஈரத் தலைமுடியைக் கலைத்துக்கொண்டே இருந்தது. கயிற்றை அங்கே வேண்டாம், என் அறையில் கட்டிவிடு என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருந்தேன். நான் முன்னால் நடக்க, வாளியும் பையுமாக எல்லோரும் பின்னால் வந்தார்கள். தெருமுனை வந்ததும் பேச்சு அடங்கிவிட்டது. கோயிலுக்குள் நுழைவதுபோல நடந்தார்கள்.

வாசலில் மாமி நின்றார். "ஈரக் காலோட படியேறாதேள், வழுக்கும்" என்றார். அக்கறையாகத்தான் சொன்னார். ஆனால் எங்கள் ஆட்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். "நாங்க கீழயே நிக்கிறோம்மா" என்றார் அப்பா, மாமியைப் பார்த்துக் கையைக் கட்டிக்கொண்டு. சித்தி வாளியோடு திரும்பவே ஆரம்பித்துவிட்டாள். நான் அப்பாவின் கையைப் பிடித்து முதல் படியில் ஏற்றினேன். பெரியவளான பிறகு அவர் கையை நான் பிடித்தது அதுதான் முதல் தடவை. வெல்டிங் பொறி பட்ட தழும்புகள் உள்ளங்கையில் குத்தின.

அறையிலும் நாற்காலியைத் தேடி எனக்குத்தான் போட்டார்கள். சுவரில் முதுகு படாமல், காலை மடக்கிக்கொண்டு தரையில் நெருக்கி உட்கார்ந்தார்கள். நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு அம்மாவின் முன்னால் உட்கார்ந்தேன். அவள் பொட்டலத்தைப் பிரித்து, கயிற்றுக்கு மஞ்சள் தடவி, என் கழுத்தில் மூன்று முடிச்சுப் போட்டாள். விரல்கள் ஆற்றுத் தண்ணீரில் ஊறிச் சில்லென்று இருந்தன.

காபி போட அம்மாதான் எழுந்தாள். அலமாரியில் டம்ளர்களைத் தேடி எடுத்தாள். கடையில் ஒட்டிய ஸ்டிக்கர் இன்னும் அதிலேயே இருந்தது.

"ஏன், இதெல்லாம் பொழங்கவே இல்லியா?"

அவள் ஒவ்வொன்றாக ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டினாள். "வாங்கினா கழுவி வைக்கத் தெரியாது? ஓரத்துல பிசுபிசுன்னு ஒட்டியிருக்கு பாரு. இதுல எப்படிக் குடிக்கறதாம்? இவ்ளோ படிச்சு என்ன பிரயோஜனம்?" என்று முணுமுணுத்தாள். சொன்ன வேகத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள். அப்பா தரையைப் பார்த்தார். நான் அந்த வசவு முடிந்துவிடக் கூடாதே என்று நின்றேன். அதற்குள் கீழே வேன்காரர் ஹாரன் அடித்துவிட்டார். காவிரிப் பாலத்தில் நெரிசலாகிவிடும் என்று அவசர அவசரமாகக் குடித்து முடித்து இறங்கிப் போனார்கள். ஜன்னலிலிருந்து கையசைத்தேன். எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

பயணத்துக்காகப் போட்ட லீவு இன்னும் மீதி இருந்தது. சாயங்காலம் வந்தும் உட்கார வேலை இல்லை. தரையில் ஈரக் கால் தடங்கள் காய்ந்துகொண்டிருந்தன. டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். விளக்கைப் போட்டுவிட்டு, அணைக்காமல் இறங்கித் தெருமுனைக்குப் போனேன். போன வருடம் அவர்கள் நின்ற இடத்தில் நின்று அண்ணாந்து பார்த்தேன்.

ஜன்னல் நன்றாகத் தெரிந்தது. மேசை, கணினி, நாற்காலியின் முதுகு, அதில் தொங்கும் ஹெட்செட் எல்லாம் வெளிச்சமாகத் தெரிந்தன. ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. நல்ல நிலைமையில் இருக்கும் யாரோ ஒருத்தியின் அறை என்று யாரும் சொல்லிவிடுவார்கள். அந்த அறையில் வேறு ஒருவரும் இல்லை என்பது மட்டும் கீழே நின்று பார்க்கிறவர்களுக்குத் தெரியாது.